காரைக்கால்: குற்றம் தாண்டும் எல்லையில் நின்றுபோகும் தகவல்

காரைக்கால் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் நான்கு கொலைகள் நடந்தால், அது இந்தியச் சராசரி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. ஒரு லட்சம் பேருக்கு 2.1. காரைக்காலின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222. பெருக்கிப் பார்த்தால் நான்கு வருகிறது. அந்த நான்கு மறு ஆண்டு ஐந்தாகிவிட்டால் ‘கொலைகள் 25 சதவீதம் அதிகரிப்பு’ என்று தலைப்பு போடலாம். மூன்றாகக் குறைந்துவிட்டால் ‘25 சதவீதம் சரிவு’ என்று அதிகாரிகள் பேட்டி கொடுக்கலாம். கணக்குப்படி இரண்டும் சரி. ஊர் எப்படி இருக்கிறது என்பதை இரண்டும் சொல்லாது.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் மகளைச் சேர்க்க வரும் பெற்றோர், ஜிப்மர் கிளையில் வேலை கிடைத்து வீடு பார்க்க வருபவர், வெளிநாட்டில் பிள்ளைகளும் காரைக்காலில் வயதான பெற்றோருமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் என எல்லோரிடமும் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: “ஊர் எப்படிங்க, பயமில்லாம இருக்கலாமா?” இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரப் புத்தகத்தில் பதில் தேடினால், காவல் நிலையத்தில் எத்தனை பேரின் புகார் வாங்கப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும். குற்றப் பதிவு விகிதத்தில் கேரளம் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. அங்கே புகார் கொடுக்கப் போகிறவர்கள் அதிகம், வாங்குகிற நிலையங்களும் அதிகம் என்பது அதற்கு முக்கியக் காரணம். பிடியாணை இல்லாமலே கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்ல வேண்டிவந்ததே, அதுவரை நாடு முழுக்க என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று.

ஆகவே எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, காரைக்காலை உலுக்கிய குற்றங்கள் எங்கே, யாரால், எப்படி நடந்தன என்று பார்ப்பதுதான் பயன் தரும். பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நடப்பதற்கு முன்பே அவற்றின் ஏதோ ஒரு நுனி யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. அந்த நுனியைப் பிடித்து இழுப்பதற்கான ஏற்பாடுதான் ஊரில் இல்லை.

2012 நவம்பர் 14. தீபாவளிக்கு மறுநாள் இரவு. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த 23 வயது வினோதினி, விடுமுறை முடிந்து பஸ் பிடிக்கத் தந்தையோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார். வழியிலேயே அவர் முகத்தில் அமிலம் வீசப்பட்டது. கண்பார்வை போயிற்று. முகமும் உடலும் வெந்து, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாக மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரி 12 அன்று சென்னை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் காரைக்கால் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

வீசியவன் இருட்டிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஆள் இல்லை. குடும்பத்துக்குப் பழக்கமானவன். பெண் கேட்டு மறுக்கப்பட்டவன். மறுப்பை ஏற்காமல் இருந்தான் என்பது வீட்டாருக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் ஓரளவு தெரியும். காரைக்கால் அளவுள்ள ஊரில் இப்படிப்பட்ட விஷயம் தெரியாமல் இருக்கவும் முடியாது. தெரிந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்? ஒரு பெண்ணின் பெயர் காவல் நிலைய வாசலில் அடிபடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் நினைப்பார்கள். ‘பையனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்புகிறோம்’ என்பது நிலையங்களில் வழக்கமான தீர்வு. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினால் அதோடு முடிந்தது என்று இரு தரப்பும் நம்பிவிடும். பின்தொடர்தல் தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியதே 2013 பிப்ரவரியில்தான், டெல்லிப் பேருந்துக் கூட்டு வன்புணர்வுச் சம்பவத்துக்குப் பிறகு. அமில வீச்சுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்ற 326-ஏ பிரிவும் அப்போதுதான் வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில நாட்களில் வினோதினி இறந்தார். வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, காரணம் எழுதிக்கொள்ளாமல் கடையில் அமிலம் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2013 ஜூலை 18-ல். லட்சுமி என்ற டெல்லிப் பெண் 2006-லேயே தொடுத்த பொதுநல வழக்கு அது. காரைக்காலில் நடந்ததற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கேட்கப்பட்ட கேள்விக்கு, நடந்த பிறகு வந்த பதில்.

அந்த விற்பனைப் பதிவேடு இன்று எத்தனை கடைகளில் இருக்கிறது? காரைக்காலில் மட்டுமல்ல, டெல்டாவின் எந்தச் சிற்றூரிலும் கழிவறை கழுவும் அமிலம் பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் கேட்டவுடன் கிடைத்தால், அதைத் தேடிப் பார்த்து நிறுத்த வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் தெளிவாக இருக்கிறது. உதவி ஆட்சியர் நிலை அதிகாரி அபராதம் விதிக்கலாம். ஆனால், அபராதம் விதித்த செய்தியைத்தான் அபூர்வமாகக்கூடப் பார்க்க முடிவதில்லை.

பத்தாண்டு கழித்து, 2022 செப்டம்பர் தொடக்கத்தில், காரைக்காலில் எட்டாம் வகுப்பு படித்த 13 வயதுச் சிறுவன் விஷம் கலந்த குளிர்பானம் குடித்து இறந்தான். அதைக் கொடுத்ததாகக் கைது செய்யப்பட்டவர் அவனோடு படித்த மாணவியின் தாய். படிப்பில் வந்த போட்டியே காரணம் என்று காவல்துறை சொன்னது. பள்ளிக் காவலாளியிடம் பாட்டிலைக் கொடுத்து, வீட்டிலிருந்து வந்ததாகச் சொல்லிப் பையனிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வாசலில் கேமரா இருந்தது. அந்தப் பதிவை வைத்துத்தான் யார் வந்தது என்று கண்டுபிடித்தார்கள். கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். பையன்தான் இல்லை. மருத்துவமனையில் சரியாகப் பார்க்கவில்லை என்று உறவினர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். குழந்தைக்கு வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை யார், எப்படி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி பள்ளி வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால் போதும். அதற்குச் செலவு ஒரு தாள்.

இந்த இரண்டு வழக்கிலும் ரோந்து வண்டி எத்தனை முறை சுற்றினாலும் பிடித்திருக்க முடியாது. ஊர் பயப்படுவது வெளியூர் ஆளைப் பார்த்து. ஊருக்குள் பேரிழப்பை உண்டாக்கியது தெரிந்த முகம்.

ஆனால், காரைக்காலுக்கு என்றே உரிய ஒரு குற்றவியல் உண்டு. அதற்கு வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் நாகூர், மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினால் திருவாரூர் மாவட்டம். தலைநகர் புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து கூடுதல் போலீஸ் வர வேண்டுமென்றால் கடலூர், சிதம்பரம், சீர்காழி எனத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் வர வேண்டும். 1739-ல் தஞ்சை மராத்தியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற துறைமுகம் என்பதால் வந்த எல்லை இது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. கோடு மட்டும் நின்றுவிட்டது.

நாகூரிலிருந்து பஸ்ஸில் வருபவருக்குக் கோடு எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேலவாஞ்சூரில் வரிசையாக மதுக்கடைகள் தொடங்கும். விளக்குப் போட்ட பலகைகள், வாசலில் நிறுத்திய இருசக்கர வண்டிகள், அவற்றில் தமிழ்நாட்டுப் பதிவெண்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரின் தலையில் புதுச்சேரி போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பி, பிரெஞ்சுக் காலத்து கெப்பி. ஊர்க்காரர் யாருக்கும் அந்த மதுக்கடைகள் காரைக்காலின் தாகத்துக்காக அங்கே வைக்கப்பட்டவை என்ற எண்ணம் கிடையாது. ஊருக்குள் விற்பதற்கு எல்லையில் கடை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோட்டின் இரு பக்கமும் விலை வேறாக இருக்கும்போது சரக்கு நகரும். பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிவுக்கு வந்ததும் காரைக்கால் எல்லையில் சுங்க வேலி எழுந்தது. கூடவே கடத்தலும் வளர்ந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது காரைக்காலில் மது இருந்தது. 1971-ல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-ல் மறுபடி இறுக்கியது, பிறகும் மாற்றியது. ஒவ்வொரு முறையும் இந்தக் கோட்டின் மதிப்பு ஏறி இறங்கியது. இன்று தமிழ்நாட்டில் மது இருக்கிறது, ஆனால் விலை அதிகம். சாராயக் கடையும் கள்ளுக் கடையும் அங்கே இல்லை, புதுச்சேரியில் ஏலம் விட்டு நடக்கின்றன. பாக்கெட் சாராயம் ஸ்கூட்டர் டிக்கியில், காய்கறி மூட்டைக்குள், கார்க் கதவின் உட்புறத்தில் போகிறது, வரப்பு வழியாகவும் போகிறது. கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி வாங்குபவர்கள். பிடிபடுகிறவர்களும் அவர்களே. கொள்முதல் செய்பவரும் மொத்தமாக விற்பவரும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்பதில்லை.

இதைத் தடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பரிசோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. கரோனா காலத்தில், 2020 மே முதல் 2021 ஏப்ரல் வரை, புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டு மது விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. எல்லை தாண்டிக் குடிக்க வரும் கூட்டத்தைக் குறைப்பது அதன் நோக்கம். வரியை எடுத்ததும் பழைய நிலை திரும்பியது. ஆக, விலையைச் சமன் செய்வது நிர்வாகத்தால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. வருவாய் போகும் என்பதால் செய்யாமல் விடப்படுகிறது. அந்த வருவாயின் மறுபக்கத்தில் இருக்கும் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 14 இரவு, மயிலாடுதுறை அருகே முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பொறியியல் மாணவர். சாராய விற்பனையைத் தட்டிக்கேட்டதால்தான் கொன்றார்கள் என்று ஊர் சொன்னது. முன்விரோதம் என்று காவல்துறை சொன்னது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. தட்டிக்கேட்பவர் மீது சாராய வியாபாரிக்கு ஏற்படுவதும் ஒரு விரோதம்தானே? புகார் கொடுத்தவரின் பெயர் விற்பவருக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு டெல்டாக் கிராமங்களில் பதில் சொல்லாதவர் இல்லை. கடத்திவரும் புதுச்சேரிச் சாராயத்துக்கு எதிராக நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பெண்கள் நடத்தாத மறியல் இல்லை. அந்த மறியல் தமிழ்நாட்டுச் சாலையில் நடக்கிறது. சரக்கு ஏறிய இடம் வேறொரு அரசின் கணக்கில் இருக்கிறது.

காரைக்காலுக்கு உள்ளேயும் அந்தப் பணம் ரத்தம் பார்த்திருக்கிறது. 2013-ல் ஒரு சாராய வியாபாரி வெட்டிக் கொல்லப்பட்டார். அதிலிருந்து கிளைத்த பகை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 2017 ஜனவரி 3 அன்று முன்னாள் சபாநாயகரும் முன்னாள் அமைச்சருமான வி.எம்.சி.சிவக்குமார், காரைக்காலின் நிரவியில் வெடிகுண்டு வீசி வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பகையின் தொடர்ச்சியாகவே காவல்துறை அதைப் பார்த்தது. சட்டமன்றத்துக்குத் தலைமை தாங்கியவருக்கே இந்த முடிவு என்றால், அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் எதற்காகச் சாட்சி சொல்ல வருவார்? ஒரு பகுதியின் பாதுகாப்பு இறங்கிப்போவது இப்படித்தான். கொலைகளின் எண்ணிக்கையில் ஒன்றுதான் கூடியது. அன்று மாலை எத்தனை வாய்கள் மூடிக்கொண்டன என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

இந்த நிலையில் காவல்துறை என்ன செய்கிறது? புதுச்சேரியில் நீண்ட காலமாக ஒரு பழக்கம் உண்டு. தேர்தல், திருவிழா என்றால் ரவுடிப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று தடை உத்தரவு போடுவார்கள். பெரிய மாவட்டத்தில் இதற்குப் பொருள் உண்டு. காரைக்காலில் தடை வாங்கியவர் நாகூரில் போய் உட்கார்ந்துகொண்டால் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் நடுவில் இருப்பது அரை மணி நேரப் பயணம். தமிழ்நாட்டில் தேடப்படுபவர் காரைக்காலின் திருநள்ளாற்றுப் பக்கம் அறை எடுத்துத் தங்குவதும் அதே கணக்கில்தான். ஒரு மாநிலப் போலீஸ் இன்னொரு மாநிலத்துக்குள் துரத்திப்போய்ப் பிடிக்கச் சட்டம் என்றைக்கும் தடை சொன்னதில்லை. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்ற ஜீரோ எஃப்.ஐ.ஆர்., 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது. ஆனாலும், வாஞ்சூர்ப் பாலத்தருகே பையைப் பறிகொடுத்தவர் முதலில் கேட்கும் கேள்வி ‘இது யார் எல்லை?’ என்பதுதான். அவரே கேட்பதற்குக் காரணம், நிலையத்தில் அந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்கால் என்ற நான்கு மாவட்டக் காவல்துறைக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு வேண்டும். யார் ஜாமீனில் வந்திருக்கிறார், எந்த வண்டி எத்தனை முறை மது வழக்கில் பிடிபட்டது, எந்தப் பெண் யார் மீது எங்கே புகார் கொடுத்தார் என்பது நான்கு இடத்திலும் ஒரே திரையில் தெரிய வேண்டும். வழக்கு விவரங்களை நாடு முழுக்க இணைக்கும் கணினி வலையமைப்பு இருக்கிறது. அதில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு. காரைக்காலுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்துத் தகவல், நிலைய எழுத்தரின் மேசையோடு நின்றுபோகும் மனுவில் உள்ள தகவல். அதிகாரிகள் எப்போதாவது கூடி எல்லைக் கூட்டம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது இதற்கு ஈடாகாது.

முடியாத காரியமா? சனிப்பெயர்ச்சி நாளில் திருநள்ளாற்றைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லட்சக்கணக்கில் மக்கள் நளன் குளத்தில் இறங்கி, ஈரத் துணியோடு வரிசையில் நிற்கும் நாள் அது. புதுச்சேரியிலிருந்து போலீஸ் வருகிறது, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன, வாகனங்கள் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரு பக்கமும் பேசி முடிவெடுக்கிறார்கள். பிக்பாக்கெட் ஆசாமிகளின் படங்கள் முன்கூட்டியே கைமாறுகின்றன. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை பக்தர்களுக்காகச் செய்ய முடிவதை மாதம் ஒருமுறை ஊர்க்காரர்களுக்காகவும் செய்யலாம்.

கேமரா வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் காரைக்காலிலும் வலுத்துவருகிறது. 2016 ஜூன் 24 காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொருள் பொறியாளர் சுவாதி கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் பதிவுகளைத் தேடித்தான் போலீஸ் துப்புத் துலக்கியது. அதன் பிறகு சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று கேமரா இயக்கமே நடந்தது. வழக்கைத் துலக்கக் கேமரா உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால், அன்று காலை அந்த நடைமேடையில் நிறையக் கண்கள் இருந்தன. உதவிக்கு ஓடிவந்த கால்கள்தான் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியிட்ட நகரங்கள் பற்றிய புத்தகத்தில் வற்புறுத்தியதும் இதுதான்: கடைக்காரரும் திண்ணையில் இருப்பவரும் தெருவைத் தங்களுடையதாக நினைக்கும் இடத்தில்தான் தெரு பாதுகாப்பாக இருக்கும்.

காரைக்காலில் அந்தத் திண்ணைகள் காலியாகிவருகின்றன. சொல்தா குடும்பங்கள் என்று ஊரில் சொல்லப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக் குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். பள்ளிவாசல் தெருக்களில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்துக் கட்டிய மூன்று மாடி வீடுகள் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. வாசல் கேட்டில் தொங்கும் பூட்டு, அதன் மேல் படிந்த தூசி, உள்ளே சருகு மூடிய முற்றம். திருடனுக்கு இதைவிட வேறு அறிவிப்பு வேண்டாம். பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லாதபோது யார் பார்ப்பது? பூட்டிய வீட்டைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்பது போலீஸின் வழக்கமான அறிவுரை. சொல்லிவிட்டுப் போனவர் வீட்டுக் கேட்டை ரோந்துக் காவலர் எத்தனை முறை இழுத்துப் பார்த்தார் என்று, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிற பழக்கத்தைத் தொடங்கினால் பாரிஸிலிருந்தும் துபாயிலிருந்தும் நம்பிக்கை பிறக்கும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

தெருவில் நடக்காத குற்றங்களும் இருக்கின்றன. காரைக்கால் பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தை மனைகளாக்கி விற்க முயன்ற மோசடி வழக்கில், 2024-ல் துணை ஆட்சியர் பொறுப்பில் இருந்தவரே கைதானார். 2025-ல் திருநள்ளாறு கோயிலின் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பணம் வாங்கிய வழக்கு வந்தது. நாடு முழுக்க 2022-ல் 65,893 ஆக இருந்த சைபர் வழக்குகள் 2023-ல் 86,420 ஆயின. ஓய்வூதியமும் வெளிநாட்டுப் பணமும் வந்து சேரும் காரைக்கால், ஏமாற்றுபவர்களுக்கு ஏற்ற ஊர். பணம் போன முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930-க்கு அழைத்தால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு என்ற செய்தி, தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் கைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு குறை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் குற்றத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, மதுக்கடைக்கு எதிரே பெண் பிள்ளைகள் டியூஷன் முடிந்து நடந்துவருகிறார்கள், பாழடைந்த கட்டடத்தில் இரவில் ஆட்கள் கூடுகிறார்கள் என்றால் காரைக்கால்காரர் யாரிடம் போவது? தமிழ்நாட்டில் கவுன்சிலர் என்றொருவர் இருப்பார். நல்லவரோ மோசமானவரோ, அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகு தேர்தலே நடத்தப்படவில்லை. காரைக்கால் நகராட்சியும் சுற்றியுள்ள கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஆணையர்களின் கையில் இருக்கின்றன. 2022 ஜூலையில் குடிநீரில் கழிவுநீர் கலந்து காலரா பரவி, பொதுச் சுகாதார அவசர நிலையே அறிவிக்க வேண்டிவந்தது. பள்ளிகளை மூடினார்கள். குழாய் உடைந்திருப்பதைத் தெருவில் உள்ளவர்கள் முதல் நாளே பார்த்திருப்பார்கள். அந்தத் தகவலை மேலே கொண்டுசேர்க்க வேண்டிய வார்டு உறுப்பினர் என்ற கண்ணி அறுந்து கிடந்தது. பின்தொடரப்படும் பெண்ணின் புகாரும், சாராயம் இறங்கும் வீட்டின் முகவரியும் அறுந்துபோவது அதே இடத்தில்தான்.

காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கும் தாய், தெருவில் வாக்குக் கேட்டு ஜெயித்த ஒரு பெண் உறுப்பினரிடம் தயங்காமல் பேசுவார். அந்த உறுப்பினரை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனால் மனு வாங்கப்படும், ரசீது கிடைக்கும், அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். பாதுகாப்புக்கு என்று புதுச்சேரி அரசு ஒதுக்கும் பணத்தில் புதிய வண்டிகளும் கேமராக்களும் வாங்கப்படட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் உள்ளாட்சித் தேர்தல் தேதியை அறிவிக்க வேண்டும். மதுவின் விலையைத் தமிழ்நாட்டோடு பேசிச் சமன் செய்ய வேண்டும். நான்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து மனுக்களைப் பார்க்க வேண்டும். முதல் கூட்டத்தை மேலவாஞ்சூரிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லா ஊர்களுக்கும் அங்கிருந்து பஸ் இருக்கிறது.